ஏழுமலையில் எறும்புக் கணக்கு

எந்த எறும்பு இந்த மண்ணுடையது, எது வெளியிலிருந்து வந்தது? பதில் சொல்லப் பழைய கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுதத் தொடங்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட்டும் ஒரு மணி நேரமும் போதும்.

அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறும் பக்தர்களில் சிலருக்கு ஒரு வேண்டுதல் உண்டு. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது. சுமார் 3,550 படிகள். குனிந்து பொட்டு வைத்து, நிமிர்ந்து ஒரு கோவிந்தா சொல்லி, மறுபடி குனிய வேண்டும். அப்படிக் குனிகிறவர்களுக்குத்தான் தெரியும், படிகளின் இடுக்கில் இன்னொரு வரிசை இடைவிடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பது. சிந்திய பொரி, தேங்காய்ச் சில்லு, குழந்தை கைதவறவிட்ட பிஸ்கட், தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்களின் பையிலிருந்து உதிர்ந்த லட்டுத் துணுக்கு. நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லட்டு தயாராகும் ஊரில் எறும்புக்கு என்ன குறை?

தலபுராணமே புற்றில்தான் தொடங்குகிறது. வைகுந்தத்தை விட்டு இறங்கி வந்த ஸ்ரீநிவாசன் இந்த மலையில் ஒரு புற்றுக்குள் தங்கினார். ஒரு பசு தினமும் வந்து அந்தப் புற்றில் பால் சொரிந்தது. கோபம்கொண்ட இடையன் ஓங்கிய கோடரி பசுவைத் தப்பி அவர் தலையில் பட்டது. தெலுங்கு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் பாட்டிமார் சொல்லும் கதை இது. ஒரு திருத்தம் மட்டும் தேவைப்படுகிறது. புற்றைக் கட்டுவது எறும்பு அல்ல, கரையான். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்ற பழமொழி அதைச் சரியாகவே சொல்கிறது. கரையானுக்கு உறவு கரப்பான்பூச்சி. எறும்புக்கு உறவு குளவியும் தேனீயும். கரையானுக்கு 'வெள்ளை எறும்பு' என்று பெயர் வைத்து ஆங்கிலேயர் குழப்பினார்கள் என்றால், எறும்பிலேயே கட்டெறும்பு, சிற்றெறும்பு, பிள்ளையார் எறும்பு, முசுறு என்று நாலைந்து பெயர்களோடு நாம் நிறுத்திக்கொண்டோம். இந்தியாவில் இனங்களும் துணை இனங்களுமாக 828 வகை எறும்புகள் உள்ளன என்று 2016-ல் வெளியான ஒரு பட்டியல் கணக்கிட்டது.

திருமலையைச் சுற்றியுள்ள காட்டுக்குக் காவல் இல்லாமல் இல்லை. 1989-ல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அமைந்தது. பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். 2010-ல் அதையும் உள்ளடக்கிச் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அது சுமார் 4,756 சதுர கிலோமீட்டர். செம்மரக் கடத்தலைத் தடுக்கத் தனிப்படை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஒன்று ஒரு சிறுமியைக் கொன்றபோது காட்டில் கேமராக்களும் கூண்டுகளும் வைக்கப்பட்டன, சிறுத்தைகள் பிடிபட்டன. எல்லாம் நியாயம்தான். ஆனால் ஒரு காட்டின் உடம்பு கெட்டுவருவதைச் சிறுத்தையும் செம்மரமும் மிகத் தாமதமாகத்தான் சொல்லும். எறும்பு முன்னாலேயே சொல்லிவிடும், எண்ணிப் பார்க்க ஆள் இருந்தால்.

தமிழ்நாட்டில் அதை மிகத் தாமதமாகக் கேட்டார்கள். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைக் காப்புக்காடு. அதன் அடிவாரத்துக் கிராமங்களில் ஆடுமாடு மேய்ப்பவர்கள் ஒரு மஞ்சள் எறும்பைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். நின்றால் காலில் ஏறுகிறது. மேய்ச்சலுக்குப் போன கால்நடைகளின் கண்ணைச் சுற்றி மொய்க்கிறது, பார்வை போகிறது. பாம்பும் ஓணானும் முயலும் செத்துக் கிடக்கின்றன. 2022 ஆகஸ்டில் ஏழு கிராமங்களின் இந்தக் கதை உள்நாட்டுப் பத்திரிகைகளில் மட்டுமல்லாமல் வெளிநாட்டிலும் அச்சேறியது. காட்டையொட்டிப் பட்டி போட்டு வாழ்ந்தவர்கள் சிலர் இடத்தைக் காலி செய்தார்கள். எறும்பே கொன்றது எது, செத்த பிறகு மொய்த்தது எது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆனால் மந்தையோடு காட்டுக்குள் போக முடியவில்லை என்பது மேய்ப்பவனுக்கு அன்றாடப் பிழைப்பின் பிரச்சினை.

தெலுங்குப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்யும் சுமதி சதகத்தில் இதற்கு ஒரு பாடல் இருக்கிறது. பலம் இருக்கிறதென்று பலரோடு பகைக்காதே, பெரிய பாம்பும் சிறு எறும்புகளிடம் சிக்கிச் சாகும் என்பது கருத்து. கரந்தமலைக்காரர்களுக்கு அது நீதி போதனையாகத் தோன்றியிருக்காது.

அந்த எறும்பின் பெயர் மஞ்சள் பைத்திய எறும்பு. விஞ்ஞானப் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். நாலைந்து மில்லிமீட்டர் நீளம், மெலிந்த உடல், நீண்ட கால்கள், தலையைவிட மிக நீண்ட உணர்கொம்புகள். தொந்தரவு செய்தால் திசையில்லாமல் தாறுமாறாக ஓடும். பைத்தியம் என்ற பட்டம் அதனால் வந்தது. கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால்தான் ஆபத்து. ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். ஒரு கூட்டு எறும்பு பக்கத்துக் கூட்டு எறும்போடு சண்டை போடாது. மற்ற எறும்புகள் எல்லைத் தகராறில் ஒன்றையொன்று மட்டுப்படுத்திக்கொள்ளும்போது இவை கூட்டோடு கூடு சேர்ந்து ஏக்கர் கணக்கில் ஒரே சாம்ராஜ்யமாகிவிடுகின்றன. இதன் ஆண் எறும்பு ஒரு விசித்திரம். ஒரே உடலுக்குள் இரண்டு வேறு மரபு வழிகளின் அணுக்கள் கலந்திருக்கின்றன என்று 2023-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தபோது எறும்பு நிபுணர்களே வியந்தார்கள்.

உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் ஐந்து எறும்புகள் உண்டு. இது அவற்றில் ஒன்று. ஜாவாவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் அது செய்த வேலை பாடப்புத்தகங்களில் இடம்பெற்றுவிட்டது. அங்கே மழைக்காடுகளின் தரையைச் சுத்தம் செய்வது சிவப்பு நண்டுகள். இந்த எறும்பு அந்தத் தீவுக்கு 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கப்பல் சரக்கோடு வந்து, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்தது. 1989-ல்தான் முதல் மாபெரும் கூட்டம் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் மடிந்தன. எறும்புக்குப் பலம் கொடுத்தது மரச்சாறு உறிஞ்சும் செதில்பூச்சிகள். அவை கசியவிடும் இனிப்பு நீரை எறும்பு குடிக்கிறது, பதிலுக்குப் பூச்சிக்குக் காவல் இருக்கிறது. கடைசியில் 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு நுண்குளவியைத் தீவில் விட்டார்கள். எறும்பைத் தொடாமல் செதில்பூச்சியைக் குறைத்து, எறும்பின் சாப்பாட்டில் கைவைக்கும் திட்டம் அது.

சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இது. மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் எறும்பு மேய்ப்பது அவருக்குப் புதிய சங்கதி அல்ல. ஆனால் எந்த எறும்பு மேய்க்கிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. முசுறும் பூச்சியை மேய்க்கும். அதே முசுறு இலை தின்னும் புழுக்களையும் வண்டுகளையும் பிடித்துத் தின்று மரத்தைக் காக்கும். சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே முசுறுக் கூடுகளை விலைகொடுத்து வாங்கி மரங்களில் கட்டியிருக்கிறார்கள். முசுறு போய் அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்தால் தோட்டத்தின் வரவு செலவு மாறும்.

இங்கேதான் ஒரு சிக்கல். மஞ்சள் பைத்திய எறும்பு இந்தியாவுக்கு அந்நியமா?

கேள்வி சுலபமாகத் தெரிகிறது. பதில் 1851-க்குப் போகிறது. தாமஸ் ஜெர்டன் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர், திருப்பதிக்குப் பக்கத்து நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தவர். பறவைகளுக்காகப் பெயர்போனவர். அவர் பெயரைத் தாங்கிய ஜெர்டன் கோர்சர் என்ற பறவையைப் பல பத்தாண்டுகள் யாரும் பார்க்காமல் அழிந்ததென்றே முடிவுகட்டிவிட்டு, 1986-ல் கடப்பா பக்கம் மீண்டும் கண்டார்கள். அதே ஜெர்டன் 1851-ல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் இலக்கிய, விஞ்ஞான இதழில் எழுதினார். தாவிக் குதித்து இரை பிடிக்கும் எறும்பு அதில் இருக்கிறது. நீண்ட காலுடைய ஒரு மஞ்சள் எறும்பும் இருக்கிறது. அதற்கு அவர் 'நெடுங்காலன்' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்தார். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறு எறும்புக்கு வைத்துவிட்டார்கள் என்பதால் பின்னாளில் தள்ளுபடியானது. 1857-ல் சிங்கப்பூர் மாதிரியை வைத்து இன்னொருவர் கொடுத்த பெயர் நிலைத்தது. இரண்டும் ஒரே எறும்பு. இன்று கரந்தமலையை மிரட்டும் அதே மஞ்சள் பைத்திய எறும்பு.

ஆக, அது இங்கே குறைந்தது 170 ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு முன்பு? அதன் நெருங்கிய உறவினங்கள் எல்லாம் ஆப்பிரிக்காவில். மரபணு ஆய்வுகளோ தென்கிழக்கு ஆசியாவைக் காட்டுகின்றன. இந்தியா அதற்குத் தாய்வீடா, புகுந்த வீடா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஜெர்டன் பார்த்த எறும்புகளை ஊசியில் குத்திப் பத்திரப்படுத்தியிருந்தால் சில சந்தேகங்களாவது தீர்ந்திருக்கும். அவர் விவரித்த எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மாதிரி எதுவும் எஞ்சவில்லை. எழுத்து இருக்கிறது, எறும்பு இல்லை.

முசுறுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது தன் குடியுரிமையைச் சங்கப் பாட்டிலேயே பதிவு செய்துகொண்டது. நற்றிணையின் 180-வது பாட்டில் வயலோரத்து மரத்தில் முயிறு மொய்த்த கூடு வருகிறது. முயிறுதான் முசுறு. இலைகளைப் பிணைத்து மரத்தில் கூடு கட்டும் எறும்பு அது. புலவர் எதைப் பார்த்தார் என்பதில் சந்தேகம் கிடையாது. புறநானூற்றின் 173-வது பாட்டிலோ, கையில் சோற்றோடு வரிசையாகப் போகும் பிள்ளைகளுக்கு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் சிற்றெறும்பு உவமை. மழைக்கு முன் எறும்பு இடம் மாறும் என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். இடமும் பருவமும் நடத்தையும் சேர்ந்த குறிப்பு அது. இன்றைய கணக்கெடுப்புப் படிவம் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

'வந்தேறி' என்ற சொல் மேடைகளில் மனிதர்களை நோக்கி வீசப்பட்டுப் பழகிவிட்டது. எறும்பு விஷயத்திலும் அதைச் சற்று நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். கடிவாயில் நெருப்புப் பட்டதுபோல் எரியும் வெப்பமண்டலத் தீ எறும்பு தென்னிந்தியாவில் பல இடங்களில் இருக்கிறது. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 16-ம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிப்போன ஸ்பானியக் கப்பல்களில் அது ஆசியாவுக்குப் பயணம் செய்தது என்று 2015-ல் வெளியான மரபணு ஆய்வு தடம் கண்டது. கப்பல் ஆடாமலிருக்கப் போடும் மண்ணில் ஒளிந்து வந்த விருந்தாளி. எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. ஜெர்டன் அதே 1851 பட்டியலில் 'நாசகாரன்' என்று பெயர் சூட்டிய ஒரு சிறு எறும்பு இன்று பல வெப்ப நாடுகளில் மின்கம்பி உறையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாடுகள் அதைத் தொல்லை தரும் வெளியூர் எறும்பு என்கின்றன. தெற்காசியாவிலிருந்து நாம் அனுப்பிய சரக்காக இருக்கக்கூடும்.

பழைய கணக்கு இல்லாத இடத்தில் எதையும் அந்நியன் என்று சொல்லலாம், எதையும் நம்மவன் என்றும் சொல்லலாம். கரந்தமலையில் இந்த எறும்பு ஏன் பெருகியது என்பதற்கு வெப்பநிலை உயர்வு, வறட்சி, காட்டின் மாற்றம் என்று பல ஊகங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அதே காட்டில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை எறும்பு, எந்தெந்த வகை என்ற எண் கையில் இருந்தால்தான் ஊகத்தை உரசிப் பார்க்க முடியும்.

அந்த எண்ணை யார் எடுப்பது? பல்கலைக்கழகத்தில் எறும்பு வகைப்பாடு படித்தவர்கள் நாடு முழுவதும் சேர்த்தே சிலர்தான். இதற்கு ஒரு பதில் 1942-ல் அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்தில் கிடைத்தது. 13 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் உள்ள எறும்புகளையெல்லாம் கணக்கெடுக்க முடிவு செய்தான். ஏழு வயதில் மீன்முள் குத்தி ஒரு கண் பார்வை போனவன். தூரத்துப் பறவையை விடக் கைக்கெட்டிய பூச்சியே அவனுக்கு வசதி. நாலைந்து வகை எறும்புகளைக் குறித்துக்கொண்டான். அவற்றில் ஒன்று தென் அமெரிக்காவின் சிவப்புத் தீ எறும்பு. அமெரிக்காவில் அந்த எறும்பைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று அந்தப் பள்ளிச் சிறுவனுடையது. 1949-ல் அலபாமா மாநில அரசு தீ எறும்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஆராயக் கல்லூரி மாணவனாக இருந்த அவனையே அழைத்தது. அவன் பிற்காலத்தில் ஹார்வர்டு பேராசிரியர் ஆன எட்வர்டு வில்சன். 2021 டிசம்பரில் காலமானார். அந்த எறும்பு இன்று அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் செலவு வைக்கிறது.

எல்லாப் பிள்ளையும் வில்சன் ஆக வேண்டியதில்லை. 2011-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா லக்கி, ராப் டன் என்ற இரு விஞ்ஞானிகள் 'எறும்புப் பள்ளி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். செய்முறை சமையல் குறிப்பைவிடச் சுலபம். எட்டு அட்டைகள்; ஒவ்வொன்றிலும் ஒரே வகை பிஸ்கட்டின் தூள். நான்கைப் புல்லிலும் செடியருகிலும், நான்கை நடைபாதையிலும் சிமெண்டுத் தரையிலும் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எறும்போடு சேர்த்து அட்டையைப் பிளாஸ்டிக் பையில் மூடி, இரவு முழுதும் உறைகுளிரில் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளிகளும் குடும்பங்களும் நாடெங்கிலுமிருந்து அனுப்பிவைத்தார்கள். ஆசிய ஊசி எறும்பு என்ற ஊடுருவி, நிபுணர்கள் அதுவரை நினைத்திருந்ததைவிட வெகுதூரம் பரவியிருப்பது அப்படித்தான் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவும் இந்தத் திட்டத்தைத் தனக்கேற்ப எடுத்துக்கொண்டது. ஹவாய் தீவுகளில் குச்சிமுனையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தோட்டத்தில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்கிறார்கள். குட்டித் தீ எறும்பு வந்திருக்கிறதா என்று பார்க்க.

பிள்ளைகள் கணக்கெடுப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 2010-ல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' திட்டத்தில் பள்ளி மாணவர்கள், குறிப்பாகக் கேரளத்தில், ஒரு மரத்தைத் தத்தெடுத்து அது துளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் வாராவாரம் குறித்துவருகிறார்கள். கொன்றை விஷு வரை காத்திராமல் முன்னதாகவே பூத்துவிடுகிறதா என்ற பேச்சுக்கு அந்தக் குறிப்புகளால் எண்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றாகச் சித்தூர் மாவட்டம் இருந்த காலத்தில் அதற்குள் அடங்கிய மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி பள்ளியில் பறவை பார்ப்பது பல பத்தாண்டுப் பழக்கம். மரமும் பறவையும் அழகு. ஆர்வம் தானாக வரும். எறும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அது சர்க்கரை டப்பாவில்தான் முதலில் அறிமுகமாகிறது.

2022 ஏப்ரலில் தனி மாவட்டமான திருப்பதியில் இந்த வேலைக்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. 1954-லிருந்து வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1961-லிருந்து வேளாண் கல்லூரி, 2015-லிருந்து ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், அலிபிரி சாலையில் வட்டார அறிவியல் மையம். நுண்ணோக்கி இருக்கும் இடங்கள் இவை. மாணவனின் வேலை அதுவரை எறும்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

காட்டுக்குள் போக வேண்டியதில்லை; போகவும் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் எறும்பாக இருந்தாலும் வனத்துறை அனுமதியின்றிப் பிடிப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். பள்ளி வளாகம் போதும். ஊடுருவி எறும்பு முதலில் வருவதும் அங்கேதான். மஞ்சள் பைத்திய எறும்பின் ராணிகள் பறந்து போய்ப் புது ஊர் பிடிப்பது அரிது. கூடு பிரிந்து நடந்துதான் மெல்லப் பரவும். பத்து மைல் தள்ளி ஒரு கூடு முளைத்தால் அதைச் சுமந்து போனவர்கள் மனிதர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்றங்காலிலிருந்து வரும் தொட்டிச் செடியின் மண், மரத்தடி, வைக்கோல் கட்டு, செங்கல் லாரி. நாலா திசையிலிருந்தும் பஸ்களும் லாரிகளும் ஓயாமல் வந்துபோகும் ஒரு கோயில் நகரத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பதிப் பள்ளி ஒன்றில் எட்டு அட்டைகளை வைத்தால் என்ன வரும்? சிமெண்டுத் தரையில் முதலில் வருவது பெரும்பாலும் கறுப்புப் பைத்திய எறும்பு: இரண்டரை, மூன்று மில்லிமீட்டர், சாம்பல் கலந்த கறுப்பு, நீண்ட கொம்பு, அதே தாறுமாறு ஓட்டம். உலகம் சுற்றிய பழைய பயணி அது. வேப்பமரத்தடியில் கட்டெறும்பு வரலாம்; தெலுங்கில் 'கண்டு சீம'. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இரண்டு பெயரையும் எழுதி வைப்பது நல்லது, விஞ்ஞானப் பெயர் பிறகு வந்து சேரும். முசுறையும் மஞ்சள் பைத்தியத்தையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய அபாயம். இரண்டுமே நிறத்தில் ஏறக்குறைய ஒன்று. முசுறு பருமன், மரத்தில் இலைக்கூடு, கடித்தால் விடாது. மற்றது மெலிவு, தரையில் கல்லிடுக்கு, கடிக்க வராது. இதைப் பிரித்தறியாத பிள்ளைகள் ஊரிலுள்ள முசுறுக் கூடுகளையெல்லாம் கொளுத்திவிட்டால் கணக்கெடுப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். இன்னொரு எளிய சோதனை இடுப்பு. கைக்கண்ணாடியில் பார்த்தால் எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே முடிச்சு தெரியும். கட்டெறும்பு, முசுறு, பைத்திய எறும்புகளுக்கு ஒரு முடிச்சு. தீ எறும்புக்கு இரண்டு.

பிஸ்கட் முறைக்குக் குறைகளும் உண்டு. இனிப்புக்கும் கொழுப்புக்கும் ஓடிவருவது நகரத்துத் துணிச்சல்காரர்கள். சருகுக்கடியில் வாழ்கிறவை, ராத்திரியில் மட்டும் வெளிவருகிறவை, ஜெர்டனின் குதிக்கும் எறும்பைப் போல் தனியாக வேட்டையாடுகிறவை அட்டைக்கு வரவே வராது. அவைதான் பெரும்பாலும் நாட்டு எறும்புகள். ஒரு பள்ளி பிஸ்கட்டை மட்டுமே நம்பினால் அந்த ஊரில் நாட்டு எறும்பே இல்லை என்ற தப்பான முடிவுக்கு வரும். அதனால் ஒரு பிடி சருகை வெள்ளைத் துணியில் உதறிப் பார்ப்பதையும், மாலையில் ஒருமுறை டார்ச்சோடு சுற்றி வருவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமே வராத அட்டையையும் 'ஒன்றும் வரவில்லை' என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். வெறும் அட்டையைத் தோல்வி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் வருடம் வராத எறும்பு நான்காம் வருடம் வந்தால், அந்த வெறும் அட்டைதான் சாட்சி.

எறும்பு மாறினால் எவ்வளவு தூரம் அதிரும் என்பதற்குக் கென்யாவிலிருந்து ஒரு செய்தி. 2024 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. லைக்கிபியா புல்வெளியில் ஒருவகை முள்மரத்தில் குடியிருக்கும் நாட்டு எறும்புகள், யானை தும்பிக்கையை நீட்டினால் உள்ளே புகுந்து கடித்து விரட்டும். பெருந்தலை எறும்பு என்ற ஊடுருவி வந்து அவற்றைக் கொன்றது. காவல் போன மரங்களை யானைகள் ஒடித்தன. வெளி திறந்தது. மறைவில் பதுங்கி வரிக்குதிரை பிடித்த சிங்கங்களுக்கு மறைவு இல்லாமல் போனது. அவை வரிக்குதிரையைக் குறைத்துக்கொண்டு காட்டெருமையின் பக்கம் திரும்பின. சிங்கத்தின் சாப்பாட்டை ஓர் எறும்பு மாற்றியிருக்கிறது. அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், எறும்பு வருவதற்கு முன்பும் பின்பும் அந்த இடத்தில் மரத்தையும் யானையையும் சிங்கத்தையும் ஆண்டுக்கணக்கில் எண்ணிவந்த ஆட்கள் இருந்தார்கள்.

பள்ளிக்கு ஆகும் செலவு அதிகமில்லை. எட்டு அட்டை, ஒரு பாக்கெட் பிஸ்கட், மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒரு கைக்கண்ணாடி. ஆல்கஹாலை மட்டும் ஆசிரியர் கல்லூரி ஆய்வகத்திலிருந்து வாங்கித் தர வேண்டும், பிள்ளைகள் கையில் விடக்கூடாது. குப்பிக்குள் எறும்போடு ஒரு சின்னக் காகிதத் துண்டும் போக வேண்டும்: தேதி, பள்ளியின் பெயர், எந்த மரத்தடி அல்லது எந்தச் சுவரோரம், எடுத்தவர் பெயர். பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். எறும்பின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம்.